கம்பைலரை மூலநிரலிலிருந்தே கட்டியெழுப்பும் கூட்டுத் திட்டத்தில் வேலையையும் நிதியையும் எப்படிப் பிரிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றின் நிதி உங்கள் குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. ஐந்து பேர், ஐவரும் வெவ்வேறு ஊர்களில். கையால் சரிபார்க்கக்கூடிய சில நூறு பைட்டுகளில் தொடங்கி, 64 பிட் ஆர்ம் செயலியில் ஜிசிசி கம்பைலர் (மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் ஓட்டும் பைனரியாக மாற்றும் நிரல்) வரை, இடையில் எங்கும் அடுத்தவர் தந்த பைனரியை நம்பாமல் ஏறிவருவது இலக்கு. குழுவில் கம்பைலர் நுட்பம் அதிகம் அறிந்தவர் நீங்கள் அல்ல. ஆனாலும் ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான். வேலைகளை எந்த மென்பொருளில் பட்டியலிடுவது, தொகையை ஐவருக்கும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் எதுவானாலும் சரி. ஒரு சாதாரண உரைக்கோப்பே போதும். எந்தக் கண்ணி எப்போது அறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத, பாதிப் பகுதி வேறு திட்டங்களுக்குச் சொந்தமான ஒரு வேலைக்கு, முடித்த பிறகே பணம் என்னும் ஏற்பாட்டை எப்படிப் பொருத்துவது என்பதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளாக லினக்ஸ் வினியோகங்களில் பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள்களை) கட்டும் வேலையில் இருக்கிறேன். நிதி பெற்ற பூட்ஸ்டிராப் வேலைகளை, அதாவது இப்படி அடியிலிருந்து கட்டியெழுப்பும் வேலைகளை, இரண்டு முறை ஒருங்கிணைத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று நன்றாக நடக்கவில்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதிலிருந்து கற்றது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகப் பின்னணியைக் கொஞ்சம் சொல்கிறேன். தயிர் தோய்க்க நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை வேண்டும் என்பதைப் போல, ஒரு கம்பைலரைக் கம்பைல் செய்ய ஏற்கெனவே ஓடுகிற இன்னொரு கம்பைலர் வேண்டும். அந்த உறையில் கோளாறு இருந்தால் பால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தயிர் கெடும். 1984இல் வெளியான தம் டியூரிங் விருதுரையில் கென் தாம்ப்சன் காட்டியது இதைத்தான்: கம்பைலரின் பைனரியில் ஒளிந்திருக்கும் சூழ்ச்சி, மூலநிரலில் சுவடே இல்லாமல், தன்னையே அடுத்தடுத்த பைனரிகளுக்குள் எழுதிக்கொண்டு போக முடியும். இதற்கான நேரடி மருந்து, உறையை முடிந்தவரை சிறிதாக்கி, மனிதக் கண்ணால் முழுதும் படித்துவிடக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவது. குனு கிக்ஸ் என்னும் லினக்ஸ் வினியோகத் திட்டத்தில் ஒருகாலத்தில் சுமார் 250 மெகாபைட் அளவுக்கு இருந்த ஆரம்பப் பைனரிகள் 2019இலும் 2020இலும் படிப்படியாகக் குறைந்தன. 2023 ஏப்ரலில், 22,000க்கும் மேற்பட்ட பொதிகளின் வேர் 357 பைட்டே கொண்ட ஒரு நிரலில் போய் நிற்கிறது என்று அவர்களால் அறிவிக்க முடிந்தது.

அந்தச் சின்ன நிரலின் பெயர் ஹெக்ஸ்0. பதினாறடிமான எண்களைப் படித்துப் பைட்டுகளாக எழுதுவதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. அதன் மூலக்கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வேன். எண்கள் தொடங்கும் முதல் வரியில் 7எஃப் 45 4சி 46 என்று நான்கு பைட்டுகள் இருக்கும். அவற்றில் பின்னவை மூன்றும் ஈ, எல், எஃப் என்னும் ஆங்கில எழுத்துகள், அதாவது லினக்ஸில் ஓடும் நிரல் ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் அடையாளம். ஒவ்வொரு வரியிலும் எண்களுக்குப் பக்கத்தில் அந்தப் பைட்டுகள் எதற்கு என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். ஒரு மாலைப்பொழுதில் செயலியின் கையேட்டோடு உட்கார்ந்தால் முழுக்கோப்பையும் சரிபார்த்துவிடலாம். அதற்குமேல் சங்கிலி இப்படி ஏறுகிறது: பெயர்க்குறிகளை அறிந்த ஹெக்ஸ்1, ஹெக்ஸ்2, பிறகு எம்0 என்னும் எளிய அசெம்பிளர், அசெம்பிளியில் எழுதிய சின்னதொரு சி கம்பைலர், சி மொழியின் ஒரு பகுதியை அறிந்த எம்2-பிளானெட் கம்பைலர், ஸ்கீம் மொழியின் இன்டர்பிரட்டராகிய குனு மெஸ், ஸ்கீமில் எழுதப்பட்ட மெஸ்சிசி என்னும் சி கம்பைலர், ஃபப்ரிஸ் பெல்லார்டின் டைனிசிசி என்னும் சிறிய சி கம்பைலர், அதன்பின் பழைய ஜிசிசி பதிப்புகள், கடைசியில் இன்றைய ஜிசிசி. இந்தப் படிகள் பல களஞ்சியங்களிலும் (மூலநிரலைச் சேமிக்கும் இடங்களிலும்) பல பராமரிப்பாளர்களிடமும் பிரிந்து கிடக்கின்றன. உங்கள் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கப்போகின்றன.

இனி, ஐயமின்றிச் சொல்லக்கூடியவை. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை இந்தத் துறையில் பல வேலைகளுக்கு நிதி கொடுத்திருக்கிறது. குனு மெஸ் அவற்றுள் ஒன்று. புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 5,000 யூரோவிலிருந்து 50,000 யூரோ வரை கொடுப்பது அவர்களுடைய வழக்கம். வேலையைச் சின்னச் சின்ன மைல்ஸ்டோன்களாகப் பிரித்து ஒப்பந்தம் எழுதி, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, விளைவைக் காட்டிப் பணம் பெறலாம். உங்கள் அறக்கட்டளையும் இதே முறையில்தான் தருகிறது என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. ஆகவே எல்லாமே மைல்ஸ்டோன்களை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. என் முதல் திட்டத்தில் நாங்கள் "டைனிசிசியைப் புதிய செயலிக்குக் கொண்டுவருதல்", "மெஸ்சிசியைக் கொண்டுவருதல்" என்று கண்ணிகளின் பெயராலேயே மைல்ஸ்டோன்களை எழுதினோம். இரண்டும் முடிந்தன, இரண்டுக்கும் பணமும் வந்தது. ஆனால் ஜிசிசியால் கம்பைல் செய்த டைனிசிசி எல்லாச் சோதனைகளிலும் தேறியது; அதே டைனிசிசியை மெஸ்சிசியால் கம்பைல் செய்தபோது முதல் சோதனையிலேயே விழுந்தது. கோளாறு யாருடையது என்பதில் இரண்டு நல்ல மனிதர்கள் நான்கு மாதம் மனம் கசந்தார்கள். இருவரும் தத்தம் மைல்ஸ்டோனை நேர்மையாக முடித்திருந்தார்கள். இரண்டையும் பொருத்தும் வேலை யார் பெயரிலும் இல்லை, அதற்கென்று ஒதுக்கிய பணமும் இல்லை. கடைசியில் கண்டுபிடித்த பிழை மிகச் சிறியது: 32 பிட் எண் ஒன்றை 64 பிட்டாக நீட்டும் ஓரிடத்தில் மெஸ்சிசி பக்கம் எதிர்மக்குறி தொலைந்துபோயிருந்தது.

அதனால் கண்ணிக்குப் பணம் எழுதாதீர்கள், மூட்டுக்கு எழுதுங்கள். அதாவது மைல்ஸ்டோனின் வாசகம் இப்படி இருக்கட்டும்: முந்தைய படியின் விளைவை மட்டும் உள்ளீடாக வைத்து, இணையத் தொடர்பு இல்லாத வெற்றுச் சூழலில், குழுவைச் சேர்ந்த இருவர் இருவேறு கணினிகளில் அடுத்த படியைக் கட்ட வேண்டும், இருவருக்கும் கிடைக்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு பெயர்கள், கீழ்ப்படியை அறிந்தவர் ஒருவர், மேல்படியை அறிந்தவர் ஒருவர். தொகையும் அந்த இருவருக்கும் சேர்த்தே. இப்படி எழுதினால், பிழை எந்தப் பக்கம் இருந்தாலும் அதைத் தேடுவது இருவருக்கும் சொந்த வேலையாகிவிடுகிறது. மூட்டு பெரியதாக இருந்தால் உடைத்துக்கொள்ளலாம். டைனிசிசி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெஸ் வழியில் டைனிசிசியை ஒரே தாவலில் கட்டுவதில்லை. மிதவைப் புள்ளி எண்களும் பெரிய முழு எண்களும் இல்லாத ஒரு குறை வடிவத்தை முதலில் கட்டி, அதைக் கொண்டு அதையே மறுபடி கட்டி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வசதியைத் திறந்துவிட்டுக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் உங்களுக்கு ஒரு மைல்ஸ்டோன் ஆகலாம். சிறிய தொகையானாலும் அவ்வப்போது பணம் வருவது, தனியே வேலை செய்பவருக்கு எவ்வளவு தெம்பு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சங்கிலி என்பதால் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்க முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்படியில் இருப்பவர், கீழ்ப்படி தயாராகும்வரை, வேறொரு செயலியில் ஓடும் சாதாரண ஜிசிசியைத் தற்காலிக உறையாக வைத்துக்கொண்டு தம் பகுதியைச் சோதிக்கலாம். ரிஸ்க்-வி செயலிக்கான வேலை இப்படி இரு முனைகளிலிருந்தும்தான் நகர்ந்தது. உங்கள் ஆர்ம் வேலைக்கு அதுதான் மிக நெருங்கிய முன்னோடி என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜிசிசியில் ரிஸ்க்-வி ஆதரவு வந்தது 2017இன் 7ஆம் பதிப்பில். ஆனால் 2013இல் வந்த 4.8ஆம் பதிப்பிலிருந்தே ஜிசிசியைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். டைனிசிசிக்கோ சி மட்டும்தான் தெரியும். ஆகவே சி கம்பைலரைக் கொண்டே கட்டக்கூடிய 4.6.4க்கு ரிஸ்க்-வி ஆதரவைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எகைட்ஸ் சராகா என்னும் நிரலாளர் என்எல்நெட் நிதியோடு 2021இல் அதைத் தொடங்கினார். அதே நேரத்தில் மெஸ்சிசியை வேறு சிலர் ரிஸ்க்-விக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். இடையிலிருந்த டைனிசிசியிலும் இதே கதை: ரிஸ்க்-வி அறிந்த டைனிசிசி புதியது, மெஸ்சிசியால் கட்டக்கூடியதாகத் திருத்தப்பட்ட டைனிசிசி பழையது, அங்கும் பின்னோக்கி ஒரு பயணம் தேவைப்பட்டது. உங்கள் 64 பிட் ஆர்ம் செயலியின் நிலையைப் பாருங்கள்: ஜிசிசியில் அதற்கான ஆதரவு முதலில் வந்ததே 4.8இல், அதாவது சி++ கட்டாயமான அதே பதிப்பில். ஒரு பதிப்பு வித்தியாசத்தில் கதவு மூடிவிட்டது. இந்தப் பின்னோக்கிய வேலை உங்கள் திட்ட முன்மொழிவில் தனி வரியாக இல்லையென்றால் இன்றைக்கே அறக்கட்டளைக்கு எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது மைல்ஸ்டோன்களைத் திருத்தக் கேட்பதில் தவறேதும் இல்லை. காரணத்தைத் தெளிவாக எழுதினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த வேலையோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். வழக்கமாக ஒரு பேட்ச் (மூலநிரலில் செய்யும் திருத்தம்) எழுதினால் அதை மூலத் திட்டத்துக்கு அனுப்பி ஏற்கச் செய்வோம். பிறகு அதைக் காப்பது அவர்கள் பொறுப்பு. ஜிசிசி 4.6 கிளையோ 2013 ஏப்ரலில் 4.6.4 வெளியானதோடு மூடப்பட்டுவிட்டது. அங்கே உங்கள் பேட்சை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அது குழுவில் ஒருவருடைய சொந்தக் களஞ்சியத்தில் கிடந்தால், அவர் வேறு வேலைக்குப் போன அன்றே அநாதையாகிவிடும். ஆகவே அதற்கு ஒரு பொது வீடு வேண்டும். அந்த வீட்டின் சாவி குறைந்தது மூவரிடம் இருக்க வேண்டும். கிக்ஸ் போன்ற ஒரு வினியோகமோ, இதே போலச் சங்கிலியை அடியிலிருந்து கட்டும் லைவ்-பூட்ஸ்டிராப் திட்டமோ அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கும்வரை அந்த மைல்ஸ்டோன் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. பயன்படுத்துபவர் இருந்தால்தான் பராமரிப்பு இருக்கும்.

உயிரோடிருக்கும் திட்டங்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. உங்கள் குழுவுக்குப் பணம் வருகிறது. உங்கள் பேட்சைப் படித்துப் பார்க்க வேண்டிய மெஸ் பராமரிப்பாளருக்கோ டைனிசிசி பராமரிப்பாளருக்கோ இந்த நிதியிலிருந்து எதுவும் வருவதில்லை. அவர் தம் ஓய்வு நேரத்தில் படிக்கிறார். "எங்கள் தவணை இந்த மாதக் கடைசி" என்று அவருக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவர்மீது ஏற்றும் சுமை. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் நூலகத்தில் பின்வாசல் வைக்கப்பட்டது தெரியவந்தபோது நாம் எல்லோரும் பார்த்தது என்ன? களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரை அவசரப்படுத்தி, நெருக்கி, கடைசியில் திட்டத்தின் பொறுப்பையே பகிர வைத்தார்கள். நல்ல நோக்கத்தோடு வரும் அவசரத்துக்கும் கெட்ட நோக்கத்தோடு வரும் அவசரத்துக்கும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பாதுகாப்புக்காகவே ஒரு வேலையைச் செய்யும் நாம் அந்தப் பழக்கத்தை வளர்க்கக் கூடாது. ஆகவே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்பதை மைல்ஸ்டோனாக எழுதாதீர்கள், "அனுப்பப்பட்டது, எழுந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் தரப்பட்டது" என்று எழுதுங்கள். மேலும், பேட்ச் எழுதத் தொடங்கும் முன்பே பராமரிப்பாளர்களிடம் பேசி, படித்துப் பார்க்கும் வேலைக்கு நிதியிலிருந்து ஒரு பங்கு வேண்டுமா என்று மரியாதையோடு கேளுங்கள். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், பணம் வாங்கினால் கடமையாகிவிடும் என்பது அவர்கள் கவலை. இரண்டையும் மதிக்க வேண்டும்.

எக்ஸ்இசட் கதையில் உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பின்வாசலைத் திறக்கும் திறவுகோல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்த ஒரு கட்டுமானக் கோப்பில் இருந்தது. பழைய ஜிசிசி, அதற்குத் துணையான பைனுட்டில்ஸ் கருவிகள் ஆகியவற்றின் தொகுப்புகளில் இப்படி யாரோ எப்போதோ உருவாக்கிப் போட்ட கோப்புகள் நிறைய இருக்கும்: கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், பைசன் என்னும் கருவி உருவாக்கிய பார்சர், இப்படிப் பல. பார்ப்பதற்கு உரைக்கோப்பாக இருந்தாலும் அவை மூலநிரல் அல்ல. லைவ்-பூட்ஸ்டிராப் திட்டத்தார் அவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் மூலத்திலிருந்து உருவாக்குகிறார்கள். அது சலிப்பூட்டும், நீண்ட வேலை. நீங்கள் அதைச் செய்யப்போகிறீர்களா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். பாதியில் முடிவை மாற்றினால் கட்டிய படிகள் எல்லாவற்றின் ஹாஷும் மாறும்.

ஹாஷ் பற்றிச் சொன்னதால், இரு கணினிகளில் விளைவு ஒத்துப்போகாதபோது என்ன நடக்கும் என்பதையும் காட்டிவிடுகிறேன். எங்களுக்கு ஒருமுறை ஒரு நூலகக் கோப்பில் மட்டும் வேறுபாடு வந்தது. டிஃப்ஃபோஸ்கோப் கருவியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நிரல் பகுதி முழுதும் ஒன்றாகவே இருந்தது; கோப்புகளை ஒரே காப்பகமாகச் சேர்க்கும் ஏஆர் கருவி, ஒவ்வொரு உறுப்பின் தலைப்பிலும் அது உருவான நேரத்தையும் பயனர் எண்ணையும் எழுதியிருந்தது. இன்றைய பதிப்புகளில் அதைச் சுழியாக்க ஒரு தேர்வு உண்டு. நாங்கள் வைத்திருந்த பழைய பதிப்பில் இல்லை. இரண்டு வரிப் பேட்சில் தீர்ந்தது, ஆனால் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. இன்னொரு முறை, அடைவிலிருக்கும் கோப்புகளைக் கோப்பு முறைமை திருப்பித் தந்த வரிசையிலேயே இணைத்ததால், கணினிக்குக் கணினி விளைவு மாறியது; பெயர் வரிசைப்படி அடுக்கியதும் சரியானது. இத்தகைய வேலைக்கு மொத்த நேரத்தில் கணிசமான பங்கு போகும். இதை "சோதனை" என்ற தலைப்பில் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் ஒவ்வொரு மூட்டின் தொகைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். முடிந்த சங்கிலிமீது டேவிட் வீலர் 2009இல் தம் முனைவர் ஆய்வேட்டில் விளக்கிய இரட்டைக் கம்பைல் முறையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நிதி வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களில் தொடங்கி ஒரே மூலத்தை இருமுறை கட்டினால் இறுதிப் பைனரி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் சங்கிலி ஒரு கம்பைலர், ஏற்கெனவே இருக்கும் வினியோகத்தின் ஜிசிசி மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவரை நம்பவைக்க இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு உறுதி உண்டு. இனிச் சொல்பவை என் அனுபவத்தின் சாய்வு மட்டும். கால மதிப்பீட்டில் என் கணக்கு இரண்டு முறையும் தவறியது: முதல் முறை பாதி மதிப்பிட்டேன், இரண்டாம் முறை இருமடங்கு எழுதியும் போதவில்லை. ஆகவே மாதக் கணக்குக்கு என் எண்களை நம்ப வேண்டாம். தொகையைப் பிரிப்பதில், பத்தில் ஒரு பங்கை ஒருங்கிணைப்புக்கும், இன்னொரு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத பிழைக்கும் வைத்து, மீதியை மூட்டுகளுக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் பட்டது. உங்கள் குழுவில் முழுநேரமாக ஒருவர் இருந்தால் அவருக்கு மாதச் சம்பளம் போல ஒரு பகுதி தேவைப்படலாம். மணிக்கணக்கில் கொடுப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் ஒரே பிழையைத் தேடி இரண்டு வாரம் செலவிட்டவர் அதைக் கணக்கில் எழுதக் கூசுகிறார். வேறு குழுக்களில் மணிக்கணக்கு நன்றாக வேலை செய்ததையும் கண்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை எழுத்தில் நிலையறிக்கை போதும், காணொளிக் கூட்டம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஐவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத குழு என்றால் தொடக்கத்தில் சில கூட்டங்கள் உதவலாம்.

அறக்கட்டளைக்கும் வாசகர்களுக்கும் எதை உறுதியளிக்கிறீர்கள் என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். "எந்தப் பைனரியையும் நம்பவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். கிக்ஸின் 357 பைட்டுக்குப் பக்கத்திலேயே, கட்டுமானத்தை ஓட்டும் சாரதியாக ஏறத்தாழ 25 மெகாபைட் அளவுள்ள கைல் (ஸ்கீம் மொழியை ஓட்டும் நிரல்) பைனரி ஒன்று இருக்கிறது. கீழே இயக்க முறைமையின் கருவான லினக்ஸ் கர்னலும் இருக்கிறது. இதை அவர்களே திறந்து சொல்கிறார்கள். லைவ்-பூட்ஸ்டிராப் இன்னும் கீழே இறங்கி, ஹெக்ஸ்0இல் எழுதிய பில்டர்-ஹெக்ஸ்0 என்னும் குட்டிக் கர்னலிலிருந்து தொடங்கி, ஃபிவிக்ஸ் கர்னல் வழியாக லினக்ஸை அடைகிறது; ஆனால் அது எக்ஸ்86 கணினிக்கானது. அதற்கும் கீழே ஃபர்ம்வேரும் சிலிக்கனும் அப்படியே இருக்கின்றன. உங்கள் ஆர்ம் பலகையில் எதையெல்லாம் நம்பித் தொடங்குகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, அதை முதல் மைல்ஸ்டோனோடு வெளியிடுங்கள்.

வரி, வெளிநாட்டிலிருந்து வரும் தொகையைக் கணக்கில் காட்டும் முறை, ஐவருக்கும் தனித்தனி ஒப்பந்தமா ஒருவர் பெயரில் ஒன்றா என்பவற்றில் நான் பயிற்சி பெற்றவன் அல்ல. அது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம் என்பதால், முதல் தொகை வருவதற்கு முன்பே அவரவர் ஊர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹெக்ஸ்0 தொடங்கி ஜிசிசி வரையுள்ள மூட்டுகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்களை எழுதச் சொல்லிக் குழுவுக்கு அனுப்புங்கள். ஆர்ம் செயலியில் மெஸ்சிசியிலிருந்து டைனிசிசிக்கும், டைனிசிசியிலிருந்து ஜிசிசி 4.6.4க்கும் போகும் இரண்டு வரிகளில் ஒரு பெயரோ வெற்றிடமோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியிருந்தால் அந்த இரண்டு வரிகளையும் இங்கே பதிலாக இடுங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை சிறு மைல்ஸ்டோன்களாக உடைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.